மரூன் பெல்ஸை வலம் வருவது எப்படி: கொலராடோவின் நான்கு கணவாய்ச் சுற்றுக்கு ஒரு முழு வழிகாட்டி

கொலராடோவில் ஆஸ்பென் ஊருக்கு மேலே நிற்கும் மரூன் பெல்ஸ் மலைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரு ஏரி, பின்னால் மணியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இரண்டு செம்பழுப்புச் சிகரங்கள். அங்கே போகிறவர்களில் பெரும்பாலானோர் ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். ஆனால் அந்தச் சிகரங்களின் முதுகுப்பக்கம் வரை போய், சுற்றி நடந்து, அதே ஏரிக்கு வந்து சேரும் பாதை ஒன்று இருக்கிறது. அதற்கு ஃபோர் பாஸ் லூப் என்று பெயர். சுமார் 43 முதல் 45 கிலோமீட்டர் தூரம், மொத்தம் 2,400 மீட்டர் அளவுக்கு ஏற்றம், வழியில் நான்கு கணவாய்கள். நான்குமே 3,780 மீட்டருக்கு மேலே இருப்பவை.

இந்தப் பாதையில் கயிறு கட்டி ஏற வேண்டிய இடம் எதுவும் இல்லை. தடம் தெளிவாக இருக்கும், பிரிவுகளில் பலகையும் உண்டு. அப்படியானால் எது கடினம் என்று கேட்டால், என் பதில் கடிகாரம். கோடையில் இந்த மலைகளில் காலை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், பதினோரு மணிக்கு மேல் மேகம் திரளும், மதியம் ஒன்று இரண்டு மணிக்கெல்லாம் இடியும் ஆலங்கட்டியும் இறங்கிவிடும். கணவாய் என்பது மரம் மட்டை எதுவும் இல்லாத மொட்டை முகடு, மின்னலுக்கு அங்கே நீங்கள்தான் உயரமான பொருள். ஆகவே இந்தச் சுற்றைத் திட்டமிடுவது என்றால், ஒவ்வொரு கணவாயையும் மதியத்துக்கு முன்னால் கடந்துவிடும்படி இரவு தங்கும் இடங்களை வைப்பது. கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இதை ஒட்டித்தான் வரும்.

முதல் முறை நான் இதை மூன்று நாளில் முடிக்கப் பார்த்தேன். முதல் நாளே இரண்டு கணவாய் என்பது காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஏரியிலிருந்து எட்டரை மணிக்குக் கிளம்பி, முதல் கணவாயில் ஒரு மணி, இரண்டாவதில் மூன்றரை. அந்த இரண்டாவது கணவாய்க்கு இருநூறு மீட்டர் கீழே, புல்வெளியில், பட்டாணி அளவு ஆலங்கட்டி முதுகில் அடிக்க, கைத்தடிகளைத் தூரத்தில் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பையின் மேல் குந்தி உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிடம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விரல் விட்டு எண்ணக்கூட நேரம் இல்லை. அதற்கப்புறம் நான் யாருக்கும் மூன்று நாள் திட்டத்தைச் சொல்வதில்லை. ஒரே நாளில் ஓடி முடிப்பவர்களும் உண்டு, அது அவர்கள் உடம்பு, அவர்கள் பழக்கம். பை தூக்கி நடக்கிற நமக்கு நான்கு நாள், மூன்று இரவு.

எப்போது போவது

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. ஜூன் மாதம் கணவாய்களில் பனி கிடக்கும். காலையில் அது கல்லாக உறைந்திருக்கும், சறுக்கினால் நிறுத்துவதற்குப் பனிக்கோடரி வேண்டும், அதைப் பிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சில வருடங்களில் ஜூலை முதல் வாரம்கூட அப்படித்தான். ஜூலைக் கடைசியில் போனால் பள்ளத்தாக்கு முழுக்கப் பூ: கொலராடோவின் மாநில மலரான நீலக் கொலம்பைன், சிவப்பும் ஆரஞ்சுமாக இந்தியன் பெயின்ட்பிரஷ், ஊதா லூபின். ஆனால் இடி மழை வலுவாக இருப்பதும் அதே சமயம்தான். செப்டம்பர் முதல் இரண்டு வாரம் என் விருப்பம். வானம் கொஞ்சம் அடங்கியிருக்கும், கொசு இருக்காது, கூட்டமும் குறையும். மாதக் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும், பார்க்க அழகுதான், அதோடு முதல் பனியும் விழலாம்.

பெர்மிட்டும் வண்டியும்

இது மரூன் பெல்ஸ்-ஸ்னோமாஸ் வில்டர்னஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறது. 1964-இல் அமெரிக்கக் காட்டுநிலச் சட்டம் வந்தபோதே அதில் சேர்ந்த பகுதிகளில் ஒன்று. அதனால் உள்ளே மோட்டார் கிடையாது, சைக்கிள் கிடையாது, ட்ரோன் பறக்கவிடக் கூடாது, குழுவில் பத்துப் பேருக்கு மேல் கூடாது.

இரவு தங்க பெர்மிட் கட்டாயம். ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் எடுக்க வேண்டும், கட்டணம் உண்டு. ஒவ்வோர் இரவும் எந்தப் பகுதியில் தங்குகிறீர்கள் என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும், ஆகவே பெர்மிட் எடுப்பதற்கு முன்னாலேயே நடைத்திட்டம் கையில் இருக்க வேண்டும். கோடை வார இறுதிகள் திறந்தவுடன் தீர்ந்துவிடும். செவ்வாய், புதன் கிழமைகளில் கிளம்புவதாக வைத்துக்கொண்டால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், ரத்து செய்கிறவர்களின் இடம் திரும்பவும் தளத்துக்கு வந்துகொண்டே இருக்கும், தினமும் காலையில் ஒருமுறை பாருங்கள்.

பெர்மிட் வேறு, வண்டி நிறுத்துவது வேறு. இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். மரூன் ஏரிக்குப் போகும் சாலையில் கோடைப் பருவத்தில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை முன்பதிவு இல்லாத கார்களை விடமாட்டார்கள். ஒன்று ஏரியில் பார்க்கிங்கை முன்பதிவு செய்ய வேண்டும், அல்லது ஆஸ்பென் ஹைலண்ட்ஸில் வண்டியை விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸில் போக வேண்டும். அதற்கும் முன்பதிவு உண்டு. இரவு நிறுத்துவதற்குத் தனி விதி, பதிவு செய்யும்போதே எத்தனை இரவு என்று பார்த்து எடுங்கள்.

உடம்பைப் பழக்குவது

நடை தொடங்கும் மரூன் ஏரியே 2,920 மீட்டரில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த இடமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். அதாவது நம் ஊர் மலைகளில் எவ்வளவு ஏறிப் பழகியிருந்தாலும் இங்கே காரை விட்டு இறங்கும்போதே அதைவிட உயரத்தில் நிற்கிறீர்கள். டெக்ஸாஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ விமானத்தில் வந்து மறுநாளே நடக்க ஆரம்பித்தால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை மூன்றும் வரிசையாக வரும். டென்வரில் ஓர் இரவு, ஆஸ்பெனில் ஓர் இரவு, குறைந்தது இவ்வளவாவது வேண்டும். ஆஸ்பெனில் தங்கும் நாளில் பை இல்லாமல் கொஞ்சம் மேலே ஏறி இறங்குங்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அந்த இரண்டு நாள் மது வேண்டாம். உயர நோய்க்கு முன்கூட்டியே மாத்திரை போடலாமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

நடக்கும்போது தலைவலி வந்தால் நின்று, குடித்து, சாப்பிட்டுப் பாருங்கள். வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை, இறங்க வேண்டும். முதல் நாளில் திரும்பிப் போவது சுலபம், முதல் கணவாயைத் தாண்டிவிட்டால் மரூன் ஏரிக்குத் திரும்ப எந்தப் பக்கம் போனாலும் ஒரு கணவாயாவது ஏறித்தான் வர முடியும். அதனால் முதல் இரவு உடம்பு என்ன சொல்கிறது என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டையில் என்ன

முதலில் கரடி டப்பா. கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த, கரடியால் திறக்க முடியாத உருளை டப்பா. இரவு தங்கும் எல்லோருக்கும் இது கட்டாயம், பையில் கட்டி மரத்தில் தொங்கவிடுவதை ஏற்பதில்லை. வாங்க விருப்பம் இல்லை என்றால் ஆஸ்பென் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். உணவு மட்டும் என்றில்லை, பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு என்று மணக்கிற எல்லாம் அதற்குள்தான் போக வேண்டும். இரவில் டென்டிலிருந்து எழுபது எண்பது தப்படி தள்ளி, தண்ணீரில் உருண்டு போகாத சமதளத்தில் வையுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 3,300 மீட்டரில் தண்ணீர் சுமார் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று அரிசியைப் போட்டால் நடு வேகாது, பருப்பு கல்லாகவே கிடக்கும், கேஸ் தீரும். நான் எடுத்துப் போவது அவல். வீட்டிலேயே கடுகு, வேர்க்கடலை, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாயைத் தாளித்து ஆறவிட்டு, கெட்டி அவலோடும் உப்போடும் கலந்து ஒரு வேளைக்கு ஒரு பை என்று கட்டிக்கொள்வேன். வெந்நீர் ஊற்றி மூடி ஏழெட்டு நிமிடம் வைத்தால் சூடான சாப்பாடு தயார், பாத்திரம் தேய்க்கும் வேலையும் இல்லை. வறுத்த ரவையும் இப்படித்தான், புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பாவில் இருந்தால் மூன்றாம் நாள் மாலை அதன் அருமை தெரியும். நடக்கும்போது கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். உயரத்தில் பசி மந்தமாகிவிடும், பசிக்காவிட்டாலும் மணிக்கு ஒருமுறை வாயில் ஏதாவது போடுங்கள்.

மற்றவை: ஆகஸ்டிலும் இரவு வெப்பம் உறைநிலையை ஒட்டி இறங்கும், அதனால் மைனஸ் ஐந்து டிகிரிக்காவது தாங்கும் ஸ்லீப்பிங் பேக். நல்ல மழைக்கோட்டு, பேன்ட்டுக்கும் மேலுறை. பருத்தி உடையே வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரில் உயிரை வாங்கும். தண்ணீர் வடிகட்டி, ஏனென்றால் ஓடை எவ்வளவு தெளிவாக ஓடினாலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம். கேஸ் அடுப்பு. ஏரிகளை ஒட்டியும் உயரமான பகுதிகளிலும் தீ மூட்டத் தடை உண்டு, கோடையில் மொத்தமாகவே தடை வரலாம், ஆகவே தீ மூட்டும் எண்ணமே வேண்டாம். இரண்டு கைத்தடிகள். ஓடை கடக்க ஒரு லேசான செருப்பு, பின்பக்கம் வார் இருக்க வேண்டும். உள்ளே போனால் போன் சிக்னல் இல்லை, கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் கருவி ஒன்று குழுவுக்கு ஒன்றாவது இருக்கட்டும். வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டாலும் காகிதத்தில் ஒன்று வேண்டும். எல்லாம் சேர்த்து 14 கிலோவைத் தாண்டினால் வீட்டிலேயே பையைக் கொட்டி மறுபடி அடுக்குங்கள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? வலமாக. கோயிலைச் சுற்றுவதுபோலவே, சிகரங்கள் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி. அப்படிப் போனால் பாதி வழி வரை சரிவுகள் கொஞ்சம் படிப்படியாக ஏறும், பை லேசாகி உடம்பு பழகிய பிறகுதான் மூன்றாவதான டிரெயில் ரைடர் கணவாயின் செங்குத்து ஏற்றம் வரும்.

முதல் நாள்: மரூன் ஏரியிலிருந்து மர எல்லை வரை

சுமார் 8 கிலோமீட்டர்தான். வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறேன். ஏரியிலிருந்து கிரேட்டர் ஏரிக்கு 3 கிலோமீட்டர், ஆஸ்பென் மரக்காட்டுக்குள் கல் பாவிய ஏற்றம், நாள் நடைக்கு வருகிறவர்கள் கூட்டமாக இருப்பார்கள். கிரேட்டர் ஏரிக்குச் சற்று முன்னால் பாதை பிரியும். வலப்பக்கம் போவது பக்ஸ்கின் கணவாய்க்கு, நான்காம் நாள் நீங்கள் அந்த வழியாகத்தான் இறங்கி வருவீர்கள். இப்போது நேராக, ஏரியை ஒட்டி.

இந்த இடத்தில் மூஸ் என்கிற பெரிய மான் உண்டு. குதிரையைவிட உயரமாக நிற்கும். கரடியைவிட எனக்கு இதைக் கண்டுதான் பயம், குட்டியோடு இருந்தால் துரத்தி மிதித்துவிடும். தூரத்தில் கண்டால் நின்று, பின்வாங்கி, மரத்துக்குப் பின்னால் போய்க் காத்திருங்கள்.

அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் பெல்ஸ் தலைக்கு மேலேயே நிற்கும். பெரியது 4,317 மீட்டர். இரும்புத் துரு ஏறிய சேற்றுப் பாறை, அதனால்தான் அந்த நிறம். அடுக்கடுக்காக வெளிப்பக்கம் சாய்ந்து, கைவைத்தால் பெயர்ந்து வரும் பாறை. 1965-இல் மட்டும் ஐந்து விபத்துகளில் எட்டுப் பேர் அங்கே இறந்தார்கள், அதன் பிறகு கொடிய பெல்ஸ் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. நம் பாதை சிகரத்தில் ஏறுவதில்லை. ‘பக்கத்தில்தானே இருக்கிறது, கொஞ்சம் ஏறிப் பார்ப்போம்’ என்று தடத்தை விட்டு விலகாதீர்கள்.

ஏரியைத் தாண்டியதும் கூட்டம் காணாமல் போய்விடும். வெஸ்ட் மரூன் ஓடையைக் கடக்க வேண்டியிருக்கும், வெயில் ஏற ஏறப் பனி உருகி மாலையில் தண்ணீர் கூடும், காலையில் குறைவு. ஓடை கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடியும். மரங்கள் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, உங்கள் பெர்மிட் எந்தப் பகுதியோ அதில், தண்ணீரிலிருந்தும் தடத்திலிருந்தும் குறைந்தது 100 அடி தள்ளி, ஏற்கெனவே தேய்ந்த மண்ணில் டென்ட் போடுங்கள். கிரேட்டர் ஏரிப் பக்கம் தங்குவதாக இருந்தால் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டும்தான்.

இரண்டாம் நாள்: வெஸ்ட் மரூன், ஃப்ரிஜிட் ஏர்

நாலரைக்கு எழுந்து ஐந்தரைக்கு நடக்க வேண்டும். இரண்டு கணவாய் ஒரே நாளில் வருவது இன்றைக்கு மட்டும்தான். வெஸ்ட் மரூன் கணவாய் 3,810 மீட்டர், நான்கில் உயரமானது. கடைசி முந்நூறு மீட்டர் ஏற்றம் சிவந்த சரளையில் வளைந்து வளைந்து போகும், மேலே நிற்பவர் ஒரு கல்லைத் தட்டிவிட்டால் நேராகக் கீழே இருப்பவர் மேல்தான் வரும், இடைவெளி விட்டுப் போங்கள். ஐம்பது அடி எடுத்து வைத்து இருபது மூச்சு, மறுபடி ஐம்பது அடி. அவசரப்பட்டால் பாதியில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

உச்சி ஒரு சின்னக் கல்வாசல் மாதிரி. அதைத் தாண்டியதும் நிறம் மாறிவிடும், பின்னால் செம்மண், முன்னால் பச்சைக் கிண்ணம். கொஞ்சம் இறங்கியதும் பிரிவு வரும், கீழே நேராகப் போனால் கிரெஸ்டட் பியூட் ஊர்ப் பக்கம் போய்விடும், நீங்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அடுத்த 4 கிலோமீட்டர் பூ நிறைந்த புல்வெளிச் சரிவு, இந்தச் சுற்றிலேயே நடக்க இதமான இடம், ஆனால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மேகத்தைப் பாருங்கள். பத்து மணிக்கே பூக்கோசு மாதிரி பொங்கி எழுந்திருந்தால் ஃப்ரிஜிட் ஏர் கணவாய்க்கு ஏறாமல், புயல் போகும்வரை தாழ்வான இடத்துக்கு இறங்கிக் காத்திருப்பது நல்லது. சிக்கிக்கொண்டால் குழுவினர் ஒருவருக்கொருவர் நன்றாக விலகி, தனி மரத்தடியிலும் முகட்டிலும் நிற்காமல், பள்ளமான இடத்தில் கால்களைச் சேர்த்துக் குந்த வேண்டும். படுக்கக் கூடாது.

ஃப்ரிஜிட் ஏர் 3,784 மீட்டர். அங்கே ஏறி நின்றதும் மரூன் பெல்ஸின் முதுகு தெரியும். ஏரிக்கரையில் படம் எடுத்தவர்கள் யாரும் பார்த்திராத பக்கம். கையில் கடலை மிட்டாயோடு உட்காருங்கள், பாறை இடுக்கில் ‘ஈக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது பைக்கா, உள்ளங்கையில் அடங்கும் அளவு, முயல் இனம்தான், ஆனால் காது வட்டமாக இருக்கும். ஆகஸ்டில் அது வாய் நிறையக் குறுக்காகப் புல்லையும் பூவையும் கவ்விக்கொண்டு ஓடும், பாறைக்கடியில் சேர்த்து வைத்துக் குளிர்காலம் முழுக்கத் தின்பதற்காக. ஒன்று என் கால் அருகே வந்து, நான் அசையாமல் இருந்ததால், என் காலணிக்குப் பக்கத்திலிருந்த மஞ்சள் பூவைக் காம்போடு கடித்து எடுத்துக்கொண்டு போனது.

அங்கிருந்து ஃப்ராவர்ட் பள்ளத்தாக்குக்குச் செங்குத்து இறக்கம், முழங்கால் பேசும். மதியத்துக்குள் மரங்களுக்கு இடையே வந்துவிட்டால் இன்றைய வேலை முடிந்தது. அருவிக்கு முன்னாலேயே தங்குங்கள். மார்மட் என்ற கொழுத்த அணில் இனம் இங்கே நிறைய, வியர்வை உப்புக்காகக் கைத்தடிப் பிடியையும் ஷூ வாரையும் கடித்துக் குதறிவிடும், இரவில் எல்லாவற்றையும் டென்டுக்குள் எடுத்து வையுங்கள்.

மூன்றாம் நாள்: டிரெயில் ரைடர்

அருவியை ஒட்டி இன்னும் இறங்கி, கிரிஸ்டல் ஆற்றின் வடகிளையைக் கடந்து, அப்புறம் 3,786 மீட்டருக்கு ஏற வேண்டும். சேர்ந்தாற்போல் 600 மீட்டருக்கு மேல் ஏற்றம், வெயில் முதுகில். நான்கில் இதுதான் ஆளைக் கசக்கிப் பிழிவது. ஆற்றிலேயே தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். இங்கேயும் ஆறரைக்குள் நடக்க ஆரம்பித்தால் பதினோரு மணிக்கு உச்சியில் இருக்கலாம்.

மேலிருந்து கீழே ஸ்னோமாஸ் ஏரி தெரியும்போது எல்லாக் களைப்பும் போய்விடும், அவ்வளவு அழகு. இறக்கத்தில் கல் உருளும், கவனம். ஏரி 3,347 மீட்டரில், மூன்று பக்கமும் பாறை. மதியமே வந்துவிடுவதால் துணி காயவைக்க, காலை நனைக்க, தூங்க நேரம் கிடைக்கும். இந்த ஏரிக்கரை பல வருடம் மிதிபட்டுத் தேய்ந்து போயிருக்கிறது, தயவுசெய்து கரையோரம் டென்ட் போடாதீர்கள், பாத்திரத்தை ஏரியில் கழுவாதீர்கள். மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து எழுபது தப்படியாவது தள்ளி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்ட வேண்டும், காகிதத்தைப் பையில் போட்டு எடுத்து வர வேண்டும். கழிவையே எடுத்து வரும் தனிப் பைகள் விற்கின்றன, இங்கே நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். கல்லும் வேருமான மண்ணில் ஒழுங்காகக் குழி தோண்டவே முடியாது.

நான்காம் நாள்: பக்ஸ்கின், அப்புறம் கீழே

ஏரியிலிருந்து காட்டுக்குள் கொஞ்சம் இறங்கி, ஓடையைக் கடந்து, பக்ஸ்கின் கணவாய்க்கு ஏற்றம். 3,798 மீட்டர். உடம்பு பழகிவிட்டதால் இது அவ்வளவாகத் தெரியாது. உச்சியில் திரும்பிப் பார்த்தால் ஸ்னோமாஸ் மலையும் கேபிடல் சிகரமும், முன்னால் பிரமிட் சிகரமும் தெரியும்.

இறங்கும்போது ஒரு பிரிவு வரும், இடப்பக்கம் போவது வில்லோ கணவாய்க்கு. களைப்பில் அதில் திரும்பிவிடாமல் மின்னஹாஹா பள்ளத்தாக்கு வழியாக நேராகக் கீழே வர வேண்டும். கிரேட்டர் ஏரி வரை 700 மீட்டருக்கு மேல் இறக்கம். மூன்று நாள் தாங்கிய முழங்கால் இங்கேதான் கோபித்துக்கொள்ளும், கைத்தடியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, சிறிய அடி வையுங்கள். சுளுக்குகளை அதிகமாக நான் பார்த்தது இந்தக் கடைசி 7 கிலோமீட்டரில்தான், முடிந்துவிட்டது என்ற நினைப்பில் எல்லோரும் ஓடுவார்கள்.

கிரேட்டர் ஏரியில் முதல் நாள் பார்த்த பிரிவுப் பலகை மறுபடி வரும், அங்கே சுற்று மூடிவிடும். அங்கிருந்து மரூன் ஏரிக்கு ஒரு மணி நேரம். ஷட்டிலில் வந்தவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தவறவிட்டால் ஆஸ்பென் ஹைலண்ட்ஸுக்குத் தார்ச்சாலையில் இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் போல நடக்க வேண்டியிருக்கும். காரில் ஒரு பழைய செருப்பும் ஒரு கேன் தண்ணீரும் வைத்திருங்கள்.